நாற்பத்து மூன்றாவது ஞானப்பிள்ளை

கஞ்சிக் கிண்ணத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு, அவித்த முட்டையை மேசைக்கு நடுவே கொண்டுவருவார். முட்டைக்கு எதிரே இரண்டு கலமான்சிக் காய்கள். நெல்லிக்காய் அளவே உள்ள எலுமிச்சை. கொஞ்சம் யோசித்துவிட்டுப் பல்குச்சி டப்பாவை அவற்றின் பக்கத்தில் சேர்ப்பார். மீன்சாற்றுப் போத்தலைத் தொடவே மாட்டார், அது முதலாளி. பிறகு கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பார். முட்டை இந்தப் பக்கம் வரும், காய்கள் அந்தப் பக்கம் போகும், திரும்பவும் பழைய இடத்துக்கே வரும். அது முடிகிறவரை கஞ்சிக்கடை டெலாய் அக்கா அந்த மேசையைத் துடைக்கக் கூடாது.

பெயர் கிறிசாந்தோ மக்சொம்போல். வயது அறுபத்திரண்டு. பெல்மார் மத்தி டப்பா கம்பெனி நடத்தும் கூடைப்பந்து அணியின் மேலாளர். மரிக்கினாவில் அவரை எல்லோரும் பாஸ் சாந்தோ என்பார்கள். பிலிப்பைன்ஸில் தொழில்முறை அணிகளுக்கு ஊர்ப்பெயர் கிடையாது, கம்பெனிப் பெயர்தான். மத்தி ஜெயித்தது, பிஸ்கட் தோற்றது, சிமென்ட்டுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது என்று ஜனங்கள் கவலையோடு பேசிக்கொள்வார்கள். அதில் யாருக்கும் சிரிப்பு வராது. கலமான்சிக் காய்கள் என்றால் வேறு அணியிலிருந்து கிடைக்கக்கூடிய இளவட்டங்கள். பல்குச்சி டப்பா என்றால், அடுத்த ஆண்டு கல்லூரிப் பையன்களைப் பொறுக்கும்போது முதலில் கை வைக்கும் உரிமை. முட்டை என்றால் ரெய்னர் லபாட்டோ.

ரெய்னருக்கு ஆறடி ஏழங்குலம், முப்பத்தெட்டு வயது. மத்தி அணியில் பதினாறு வருடம். நான்கு முறை இறுதிப் போட்டி வரை போய் நான்கு முறையும் தோற்றவன். ஆட்டம் முடிந்தால் இரண்டு முழங்காலிலும் ஐஸ் மூட்டை கட்டிக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருப்பான். எழுந்து நிற்பதற்கு முன்பு ஒரு முறை கூரையைப் பார்ப்பான்.

மேசைப் பேச்சுவார்த்தை முடிந்ததும் பாஸ் சாந்தோ முட்டையை உரித்துத் தின்றுவிடுவார். தின்றுவிட்டால் ரெய்னர் எங்கும் போகவில்லை என்று அர்த்தம். எதிர்ச்சாரியில் வண்டிகளை நிறுத்தியிருக்கும் டிரைசிக்கிள் ஓட்டிகள் பதினாறு வருடமாக இதைக் கவனித்து வருகிறார்கள். செய்தித்தாளைவிட இதுதான் நம்பகம் என்பது அவர்கள் கட்சி. ஒரு தடவை வயிறு சரியில்லாமல் முட்டையைப் பாதியில் வைத்துவிட்டார். ரெய்னர் இனிமேல் பாதி ஆட்டம்தான் ஆடுவான் என்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பேச்சு.

பாஸ் சாந்தோ பத்தாங்காஸ் மாகாணத்துக்காரர். அங்கத்து ஆட்கள் சாதாரணமாகப் பேசினாலே சண்டை பிடிப்பதாகத் தோன்றும். இவர் ரகசியம் பேசினால் அடுத்த தெருவில் கேட்கும். அதனால்தானோ என்னவோ, ஆட்டக்காரர்களைக் கைமாற்றும் சமாசாரத்தைப் போனில் பேசுவதில்லை. வீட்டில் சோற்றின் மேல் கறுப்புக் காப்பியை ஊற்றிப் பிசைந்து சாப்பிடுவார். பார்க்கிறவர்களுக்கு முகம் கோணினால், "வயித்துக்குள்ள போய் எப்படியும் கலக்கத்தானே போவுது" என்பார். சட்டை எப்போதும் வெள்ளை, எப்போதும் கஞ்சி போட்டது. அதன் பையில் இரண்டு பேனா. ஒன்று எழுதும்.

ஒரு ஆட்டக்காரனை வேறு அணிக்குக் கொடுத்துவிட்டால், ரேடியோவில் சேதி வருவதற்குள் இவரே அவன் வீட்டுக்குப் போய்விடுவார். உட்காரச் சொல்லும்வரை நிற்பார். சொல்லும் வாக்கியமும் மாறியதில்லை: "உனக்கு நல்லது பண்ணத்தான் பார்த்தேன். முழுசா முடியல." சிலர் அழுவார்கள். ஒருவன் அவர் செருப்பைத் தூக்கித் தெருவில் எறிந்தான். வெறுங்காலோடு போய் அதை எடுத்து மாட்டிக்கொண்டு, திரும்பி வந்து, அவனுடைய புது அணியின் பயிற்சி நேரத்தைச் சொல்லிவிட்டுத்தான் போனார்.

இந்த மனிதரைக் கண்டால் ஆட்டக்காரர்களுக்கு வரும் பயத்துக்கு அவர்களே ஒரு மருந்து கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்றால் பாஸ் சாந்தோவை ஞானத்தகப்பனாக நிற்கச் சொல்வார்கள். நின்றுவிட்டால் அவரும் பிள்ளையின் அப்பாவும் கும்பாரே ஆகிவிடுகிறார்கள். கூடப்பிறந்தவனுக்கு ஒரு படி கீழே, மச்சானுக்கு ஒரு படி மேலே. கும்பாரேயை எப்படி விற்பார் என்று கணக்குப் போடுவார்கள். கேட்டால் அவர் மறுக்கவும் முடியாது. ஞானத்தகப்பனாக நிற்க மாட்டேன் என்பது பிள்ளைக்கே ஆகாது. இப்படி நாற்பத்திரண்டு ஞானப்பிள்ளைகள் சேர்ந்துவிட்டார்கள். கிறிஸ்துமஸ் காலையில் அவர் வாசலில் நிற்கும் வரிசை முக்குவரை போகும்.

மருந்து மட்டும் வேலை செய்ததில்லை. அந்தப் பிள்ளைகளின் அப்பாமார்களில் ஒருவர் பாக்கியில்லாமல், ஞானஸ்நானம் முடிந்த வருடத்துக்குள் வேறு அணிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். இதில் மாயம் மந்திரம் எதுவும் இல்லை என்று டெலாய் அக்காவிடம் அவரே விளக்கியிருக்கிறார். பயம் வந்தவன்தான் வந்து கேட்கிறான். பயம் வந்தவனைப் பற்றி அதற்கு முன்பே மேலிடத்தில் பேச்சு வந்திருக்கும். அக்காவுக்கு இந்த விளக்கம் பிடிக்கவில்லை. அவர் கை ராசி அப்படி என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

பதினாறு வருடத்தில் ரெய்னர் ஒருவன்தான் அவரிடம் இதைக் கேட்கவில்லை. மூத்த பிள்ளைகள் மூன்று பேருக்கும் சொந்தக்காரர்களே ஞானத்தகப்பன்மார்.

இந்த சீசனில் மத்தி அணி பத்தாவது இடத்துக்கு இறங்கியபோது முதலாளியின் மகள் கொரீனா அம்மையார் பாஸ் சாந்தோவைக் கூப்பிட்டு அனுப்பினார். வெளிநாட்டில் படித்தவர், குரலை உயர்த்தாதவர். அவர் பக்கத்தில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்த நிபுணர் பலவண்ணக் கோடுகள் போட்ட படத்தைக் காட்டினார். எல்லாக் கோடுகளும் கீழே போய்க்கொண்டிருந்தன; அவை ரெய்னரின் முழங்கால்கள். பிஸ்கட் கம்பெனி அணி இரண்டு நல்ல இளவட்டங்களையும், முதலில் பொறுக்கும் உரிமையையும் தருகிறது. பதிலுக்கு ரெய்னர். கடைசி இடத்தில் கிடக்கும் அணிக்கு டிக்கெட் விற்க ஒரு பெரிய பெயர் வேண்டியிருந்தது.

"வெள்ளிக்கிழமை மத்தியானம் கெடு, பாஸ். அதுக்குள்ள முடிச்சிடுங்க" என்றார் அம்மையார். "முடியலன்னா உங்க நாற்காலியிலயும் புதுசா ஒருத்தர் உக்காந்து பார்க்கட்டும்னு அப்பா சொல்றார்."

அப்பா பக்கவாதத்தில் பேச்சிழந்து இரண்டு வருடமாகிறது. பாஸ் சாந்தோ அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பெரியவருக்கு வணக்கம் சொல்லச் சொல்லிவிட்டு வந்தார்.

இன்னொரு வழியும் இருந்தது. முதலிடத்தில் இருந்த சிமென்ட் கம்பெனி அணிக்கு, இறுதிக்கட்டத்தில் கூடைக்கடியில் நிற்க அனுபவமுள்ள உயரமான ஆள் ஒருவன் தேவைப்பட்டான். அங்கே போனால் ரெய்னர் கோப்பையைத் தொட்டுப் பார்க்கலாம். ஆனால் பதிலுக்கு அவர்கள் தருவதாகச் சொன்னது, முதுகுவலிக்காரனும் வாய் ஓயாதவனுமான ஒரு முப்பத்தாறு வயது ஆட்டக்காரனை. மூன்றாவது வழி, ரெய்னரை இங்கேயே வைத்துக்கொண்டு, சீசன் முடிந்ததும் மாலை போட்டு, அவன் சட்டையை அரங்கத்தின் உத்தரத்தில் தொங்கவிடுவது. பிஸ்கட்டில் அவர் நாற்காலி பிழைக்கும். மற்ற இரண்டிலும் போகும்.

செவ்வாய்க்கிழமை காலை முட்டையை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். கஞ்சி ஆடை கட்டிப்போனது. கடைசியில் முட்டையைத் தின்னாமல் எழுந்துபோய்விட்டார். டெலாய் அக்கா அந்த முட்டையைத் தொடப் பயந்து அப்படியே விட்டுவைத்தாள். டிரைசிக்கிள்காரர்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பதினொரு மணிக்கு ரேடியோவில் சேதி: லபாட்டோ போகிறார்.

அன்று சாயங்காலமே ரெய்னரும் அவன் மனைவி மிலெட்டும், ஏழு மாதக் கைக்குழந்தை அனிகாவோடு பாஸ் சாந்தோ வீட்டுக்கு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம், பாஸ்தான் ஞானத்தகப்பனாக நிற்க வேண்டும் என்று மிலெட் கேட்டாள். ரெய்னர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாஸ் சாந்தோ தமக்குள் கணக்குப் போட்டார். பதினாறு வருடம் கேட்காதவன் இன்றைக்குக் கேட்கிறான் என்றால் அவ்வளவு பயந்திருக்கிறான். குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, வருகிறேன் என்றார். வேறென்ன சொல்வது.

புதன்கிழமை முழுவதும் அவர் யாரோடும் பேசவில்லை. பத்தாங்காஸ்காரர் பேசாதிருப்பது அக்கம்பக்கத்தாருக்கே ஒரு மாதிரி இருந்ததாம். இருபத்திரண்டு வயதில் லெய்ட்டே தீவிலிருந்து ஒரு பையும் கிழிந்த ஷூவுமாக வந்து நின்ற ரெய்னரை முதல் நாள் கஞ்சிக்கடைக்குக் கூட்டிப்போனவர் அவர்தான். இவனைக் கடைசி அணிக்கு டிக்கெட் விற்க அனுப்பிவிட்டு எந்த நாற்காலியில் உட்காருவது என்று நினைத்தார். நினைக்கும்போதே, தம் நாற்காலி தமக்கு எவ்வளவு பிடிக்கும் என்பதும் தெரிந்தது. அவருக்குப் பெண்டாட்டி இல்லை. போய்ச் சேர்ந்து ஒன்பது வருடம். அந்த நாற்காலி இல்லையென்றால் காலையில் எழுந்து சட்டைக்குக் கஞ்சி போட ஒரு காரணமும் இல்லை.

வியாழக்கிழமை ரெய்னர் வீட்டுக்குப் போனார். வாசலில் நின்றார். உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தார். முன் தயாரிப்பு ஏதும் இல்லாமல் விஷயத்தைச் சொன்னார்: "நீ எங்கயும் போகல. இங்கயே ஆடி இங்கயே முடிக்கற. மேல என்ன வந்தாலும் நான் பார்த்துக்கறேன்."

ரெய்னர் துள்ளிக் குதிக்க வேண்டாம், முகத்தில் ஒரு வெளிச்சமாவது வரும் என்று எதிர்பார்த்தார். ரொம்ப நன்றி பாஸ் என்றான் ரெய்னர், நான்கு இறுதிப் போட்டிக்குப் பிறகும் அவர் பார்த்த அதே முகத்தோடு. மிலெட் எழுந்து அடுக்களைக்குள் போனாள். அங்கே பாத்திரங்கள் உருண்டன. பிறகு பான்சித் நூடுல்ஸ் வந்தது. இருவரும் சாப்பிட்டார்கள். மழை வருமா என்பது பற்றிக் கொஞ்சம் பேசினார்கள்.

அவர் கிளம்புகிற நேரத்துக்கு மிலெட் குழந்தையோடு வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"பாஸ், கோவிச்சுக்காதீங்க. நாப்பத்திரண்டு பிள்ளைங்களுக்கு ஞானத்தகப்பனா நின்னீங்க. அத்தனை பேரோட அப்பாவையும் ஒரு வருஷத்துக்குள்ள அனுப்பி வச்சீங்க. தன்னையும் அனுப்புங்கன்னு இவர் செத்தாலும் வாயத் திறந்து கேக்க மாட்டார். அதனாலதான் நான் பிள்ளையத் தூக்கிட்டு வந்தேன்."

பாஸ் சாந்தோவுக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. பிறகு ரெய்னரைப் பார்த்தார். அவன் தன் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"ஒரு தடவையாவது ஜெயிச்சுப் பார்க்கணும் பாஸ், மூணு வருஷமா இதே நினைப்பு" என்றான் அவன். "உங்கள விட்டுட்டுப் போறேன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. நீங்க எனக்காக மல்லுக்கு நிக்கறீங்கன்னு ஊரே சொல்லுது. நான் எப்படிக் கேக்கறது?"

ஒருவருக்கொருவர் மரியாதை பார்த்தே இரண்டு பேரும் மூன்று வருடத்தை வீணாக்கியிருந்தார்கள். போன வருடமும் சிமென்ட்காரர்கள் கேட்டார்கள். ரெய்னர் மனசு நோகும் என்று பாஸ் சாந்தோ அதை அவனிடம் சொல்லவே இல்லை. அந்த வருடம் சிமென்ட் கோப்பையை ஜெயித்தது. இப்போது சொன்னார். ரெய்னர் தலையாட்டினான். மிலெட் மட்டும் வாய்க்குள் ஏதோ சொன்னாள். குழந்தை முன்னால் சொல்லக்கூடிய வார்த்தை இல்லை அது.

எந்த அணிக்கு என்று ரெய்னர் சொல்லவில்லை. நீங்களே பார்த்து அனுப்புங்கள் பாஸ், நீங்கள் சொல்கிற இடம் எனக்குச் சரி என்றான். பாஸ் சாந்தோவுக்கு அதுதான் அன்று ராத்திரி முழுக்கத் தூக்கத்தைக் கெடுத்தது. பிஸ்கட்டுக்கு அனுப்பினாலும் அனுப்பியதுதானே. அவன் ஒரு வார்த்தை கேட்க மாட்டான். சிமென்ட்காரர்கள் கடைசி நேரத்தில் பின்வாங்கிவிட்டார்கள் என்று சொன்னால் நம்புவான். நாற்காலியும் இருக்கும், கும்பாரேயும் இருப்பான். யாருக்கும் தெரியப்போவதில்லை.

வெள்ளிக்கிழமை காலை அவர் சட்டைப் பையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்றில் பிஸ்கட்காரர்கள் கையெழுத்து, ஒன்றில் சிமென்ட்காரர்கள் கையெழுத்து. இவர் கையெழுத்து இரண்டிலும் பாக்கி. கஞ்சிக்கடையில் அன்று எதையும் நகர்த்தவில்லை. முட்டை ஆறுது அண்ணே என்றாள் டெலாய் அக்கா. ஆறட்டும் என்றார்.

பன்னிரண்டுக்கு இருபது நிமிடம் இருக்கும்போது லீக் அலுவலகத்தின் ஜன்னலில் ஒரு தாளை நீட்டினார். அங்கே இருபது வருடமாக இந்தத் தாள்களை வாங்கும் அம்மாள் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள்.

"என்ன பாஸ், ரெய்னரக் குடுத்துட்டு இந்த முதுகுவலிக்காரனையா வாங்கறீங்க?"

"ஆமா. நல்லாப் பேசுவான்."

அவள் முத்திரை குத்தினாள். அவர் அங்கிருந்து நேரே ரெய்னர் வீட்டுக்குப் போனார், வாசலில் நின்றார், "உனக்கு நல்லது பண்ணத்தான் பார்த்தேன்" என்று ஆரம்பித்தார். வழக்கமான வாக்கியத்தின் மீதி பாதியை எங்கே போடுவது என்று தெரியாமல் அதோடு நிறுத்திக்கொண்டார். ரெய்னர் அந்த உயரத்தோடு குனிந்து, பெரியவர்களிடம் ஆசி வாங்கும் அவர்கள் வழக்கப்படி, அவர் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டான். உள்ளே மிலெட் சத்தமாக அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை அனிகா நாற்பத்து மூன்றாவது ஞானப்பிள்ளை ஆனாள். கோயிலுக்கு வெளியே மத்தி அணி ரசிகர்கள் பத்துப் பேர் அட்டை பிடித்துக்கொண்டு நின்றார்கள். சிமென்ட்காரர்களிடம் பாஸ் எத்தனை மூட்டை வாங்கினார் என்று அதில் கேட்டிருந்தது. டெலாய் அக்கா ஒரு வாரம் அவர் கஞ்சியில் இஞ்சி போடவில்லை. டிரைசிக்கிள்காரர்கள் அவரை ஏற்றிக்கொண்டார்கள், ஆனால் வழியில் பேசவில்லை. முதுகுவலிக்காரன் வந்து சேர்ந்தான். இரண்டு ஆட்டம் ஆடினான். மீதி ஆட்டங்களுக்கு ஓரத்தில் உட்கார்ந்து நடுவர்களுக்கு ஆலோசனை சொன்னான்.

மத்தி அணியின் ஆட்டங்கள் முடிந்த மறுநாள் பாஸ் சாந்தோவின் அறைக்கு மடிக்கணினி நிபுணர் குடிவந்தார். பாஸ் சாந்தோவுக்கு ஆலோசகர் என்று பெயர் கொடுத்தார்கள். என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு, "நாற்காலி இருக்கு, மேசைதான் இல்ல" என்கிறார். சட்டைக்கு இன்னும் கஞ்சி போடுகிறார். பேனா ஒன்றாகக் குறைந்திருக்கிறது. காலை நேரத்தில் கஞ்சிக்கடையில் வேறு அணிகளின் ஆட்களை வைத்து மேசையில் நகர்த்திக்கொண்டிருக்கிறார். யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் டெலாய் அக்கா மேசையைத் துடைக்காமல் காத்திருக்கிறாள்.

சிமென்ட் அணி இறுதிப் போட்டிக்கு வந்தது. ஆறு ஆட்டங்களில் ஆளுக்கு மூன்று ஜெயித்திருந்தார்கள்; முடிவு சொல்லும் ஏழாவது ஆட்டம் ஞாயிறு சாயங்காலம். ரெய்னருக்குக் கிடைத்ததெல்லாம் ஆட்டத்துக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம். பாஸ் சாந்தோ தம் பணத்தில் டிக்கெட் வாங்கி, மேல் அடுக்கில், கூரை விசிறிக்குக் கீழே மிலெட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சுற்றியிருந்தவர்களில் பாதிப்பேர் அவரை அடையாளம் கண்டுகொண்டார்கள். உங்கள் கிழவன் இன்றைக்காவது ஓடுவானா பாஸ் என்று பின்வரிசையிலிருந்து ஒருவன் கேட்டான். ஓட மாட்டான், நிற்பான் என்றார்.

முப்பது வினாடி பாக்கி, இரண்டு அணியும் சமம். கூடைக்கடியில் பந்தோடு திரும்பிய ரெய்னரை எதிரணிக்காரன் இடித்துத் தள்ளினான். விழுந்தவன் எழுந்திருக்க நேரம் ஆனது. தடுப்பாரில்லாமல் தனியே நின்று எறிய அவனுக்கு இரண்டு வாய்ப்பு கொடுத்தார் நடுவர். மிலெட்டால் உட்கார முடியவில்லை. குழந்தையை ஞானத்தகப்பன் மடியில் போட்டுவிட்டு, ஜெபமாலையோடு நடைபாதைக்கு ஓடிவிட்டாள். அரங்கம் அப்படியே அடங்கிப்போனது. பத்து மாதக் குழந்தை அந்த அமைதியில் தன் விரலைச் சூப்பிக்கொண்டு கீழே பார்த்தது.

கோட்டில் நின்று ரெய்னர் பந்தைத் தரையில் ஒரு முறை தட்டினான். இன்னொரு முறை தட்டினான். அவன் கை மேலே எழும்புவதற்கு முன்பே பாஸ் சாந்தோ தம் இரண்டு உள்ளங்கையாலும் குழந்தையின் காதுகளைப் பொத்தினார்.